மட்டக்களப்பு வாவிக்கரை இளையோரும் ஆங்கிலச் சொற்களும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1. பிரச்சினை

இளைய தலைமுறையினர் ஆங்கிலத்தைக் கலந்து தமிழைக் கெடுக்கின்றனர் என்ற முறைப்பாடு மட்டக்களப்பிலும் ஏனைய தமிழ்ப் பிரதேசங்களிலும் அடிக்கடி கேட்கப்படுவதொன்று. தமிழ்த்தினப் போட்டி மேடைகளில் இம்முறைப்பாடு ஏறத்தாழ ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அதே இளையோருக்கு ஆங்கிலம் வராது என்ற முறைப்பாடும் பெரும்பாலும் அதே வாய்களிலிருந்தே எழுகின்றது. ஆங்கிலம் அறியாதவர் ஆங்கிலத்தால் தமிழைக் கெடுப்பது எங்ஙனம்? இரு முறைப்பாடுகளும் ஒருங்கே உண்மையாயின், இங்கு நிகழ்வதனை மொழிக்கலப்பு என்ற ஒரு பெயரால் விளக்கிவிட முடியாது. ஆங்கிலம் என்னும் மொழி மறுக்கப்பட்ட இடத்தில் ஆங்கிலச் சொற்கள் எவ்வழியாக வந்தன, வந்த சொற்களைப் பதின்பருவத்தினர் எவ்வாறு தமதாக்கினர், அவர்கள் ஆக்கிய சொற்கள் யாவை என்பனவே கேட்கப்பட வேண்டிய வினாக்கள்.

இவ்வினாக்களை அணுகுவதற்கு மார்க்சிய மொழிச் சிந்தனை இரு திசைகளைக் காட்டியுள்ளது. 1929இல் வெளியான 'மார்க்சியமும் மொழியின் தத்துவமும்' என்ற நூலில் வொலோஷினொவ், சொல்லை வர்க்கங்கள் எதிர்ப்படும் களமாகக் கண்டார். ஒரே மொழியைப் பேசும் வெவ்வேறு வர்க்கத்தினர் ஒரே சொல்லுக்கு வெவ்வேறு அழுத்தம் கொடுப்பர் என்பது அவரது நிலைப்பாடு. 1950இல் ஸ்டாலின், மார் என்பாரின் கோட்பாட்டை மறுத்து எழுதியபோது, மொழி முழுச் சமூகத்துக்கும் பொதுவானது என்றும், வர்க்கக் குறுமொழிகளுக்குத் தமக்கென இலக்கண அமைப்போ அடிப்படைச் சொற்றொகுதியோ இல்லை என்றும் வாதித்தார். இலக்கண அமைப்பின் உறுதி பற்றிய அவரது கருத்து ஏற்கத்தக்கது. குறுமொழியை மேற்குடியினரின் விலகலாகவே அவர் பெரிதும் நோக்கியமை குறைபாடுடையது. 1976இல் ஹலிடே எழுதிய 'எதிர்மொழிகள்' பற்றிய கட்டுரை இக்குறையை நிரப்புகின்றது. சமூகத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட குழுக்களும் தமக்கெனச் சொற்களை ஆக்கிக்கொள்கின்றன என்பதையும், தாம் வாழும் உலகை அவற்றால் மீளப் பெயரிடுகின்றன என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். இக்கட்டுரை இம்மூன்றையும் மனங்கொண்டு மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை நோக்குகின்றது.

2. வாவியின் இரு கரைகள்

மட்டக்களப்பு வாவி ஒரு நீர்ப்பரப்பு மட்டுமன்று. அது ஒரு சமூகப் பிரிகோடுமாகும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் நகரம், சந்தை, கச்சேரி, மிசன் பாடசாலை, துறைமுகம் ஆகியன அமைந்தன. மேற்கேயுள்ள படுவான்கரையில் வயலும் மேய்ச்சல் நிலமும் காடும் அமைந்தன. நெல் படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்கு வந்தது. சட்டமும் வரியும் புதிய சொல்லும் எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குச் சென்றன. மண்முனையில் பாலம் அமைந்தது 2014இலேயே. அதுவரை துறையில் படகுப் பாதைக்குக் காத்திருந்தவர்களுள் புத்தகப் பையுடன் நின்ற பிள்ளைகளும் அடங்குவர்.

புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இவ்விரு ஆட்சிகளும் விட்டுச்சென்ற சொற்கள் இன்றும் நம் வீடுகளில் உள்ளன. கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, பாண் என்பன போர்த்துக்கேயம் தந்தவை. கந்தோர், நொத்தாரிசு, கக்கூசு என்பன ஒல்லாந்தர் தந்தவை. வீட்டுப் பொருளுக்கு ஒரு ஆட்சியும் அலுவலகத்துக்கு மற்றோர் ஆட்சியும் பெயர் தந்தன போலத் தோன்றும் இப்பகுப்பு முற்றிலும் துல்லியமானதன்று. ஆயினும், சொல் வரும் வழி அதிகாரம் வரும் வழியே என்பதற்கு அது நல்ல சான்று. இச்சொற்களை இன்று எவரும் கலப்பு என்று குறை கூறுவதில்லை. கதிரையில் அமர்ந்து பாண் உண்டவாறே இளையோரின் மொழிக்கலப்பைக் கண்டிக்க நம்மால் முடிகின்றது.

மட்டக்களப்புப் பறங்கியர் சமூகத்தின் மொழி இவ்விடத்தில் சிறப்பாக நோக்கற்பாலது. அவர்களிற் சில குடும்பங்கள் இன்றும் பேசும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை 1970களில் இயன் ஸ்மித் விரிவாக ஆராய்ந்தார். சொற்கள் போர்த்துக்கேயம், ஆனால் வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கின்றது, வேற்றுமைப் பொருளை உணர்த்தும் உருபுகள் பெயருக்குப் பின்னே வருகின்றன. அதாவது, ஐரோப்பியச் சொற்களைத் தமிழ் வாக்கியம் தன் ஒழுங்கில் நிறுத்திக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பிள்ளைகளோடு ஒரே தெருவில் விளையாடி, தமிழரோடு ஒரே பட்டறையில் வேலை செய்த மக்களின் மொழி இது. ஆள்வோரின் சொல்லை ஆளப்படுவோரின் இலக்கணம் உள்வாங்கும் இப்போக்கு, பின்னர் ஆங்கிலச் சொற்கள் விடயத்திலும் மீண்டும் நிகழ்ந்தது.

3. இளையோர் என்னும் வகுதி

பதின்பருவம் என்பது இயற்கை தந்த வயதாயினும், பதின்பருவத்தினர் என்னும் சமூகப் பிரிவு வரலாறு தந்தது. ஆங்கிலத்தில் 'டீனேஜர்' என்ற சொல் 1940களில் அமெரிக்காவிற் பரவலாயிற்று. பாடசாலைக் காலம் நீண்டு, உழைப்பிலிருந்து சில ஆண்டுகள் விலக்குப் பெற்ற பிள்ளைகளின் கையில் சிறிது பணமும் சேர்ந்தபோது, முதலாளித்துவச் சந்தை அவர்களுக்கு ஒரு பெயரிட்டு, ஆடையும் இசைத்தட்டும் விற்றது. அவ்விளைஞர் தமதெனக் கொண்ட சொற்களுட் பல கறுப்பின ஜாஸ் இசைக் கலைஞரிடமிருந்து வந்தவை. ஒடுக்கப்பட்டோர் ஆக்கிய சொல்லை இளையோர் எடுத்தாள, அதனைச் சந்தை விலைபேசியது. இன்று லண்டன் இளையோரின் ஆங்கிலத்திலும் ஜமேக்கா வழிவந்த குடியேறிகளின் சொற்கள் இதே முறையிற் பரவுகின்றன.

மட்டக்களப்பில் நிலைமை வேறு. வயலிலும் வாவியிலும் உழைத்த குடும்பங்களில் பதினைந்து வயதுப் பையன் ஓர் உழைப்பாளி. அதே வயதுப் பெண் திருமணத்துக்குக் காத்திருக்கும் 'குமர்'. 'பொடியன்', 'இளந்தாரி' என்ற சொற்கள் இருந்தன. ஆயினும் அவ்வயதினர் ஒன்றாகக் கூடி நாட்களைக் கழிக்கும் இடம் பெரும்பாலோருக்கு இருக்கவில்லை. அவ்விடத்தை உருவாக்கியது பாடசாலையே.

1814இல் மட்டக்களப்பை வந்தடைந்த மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட், மறுவருடமே இறப்பதற்கு முன் பல பாடசாலைகளைத் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தோற்றத்தை 1814 எனக் குறிக்கின்றது. பின்னர் கத்தோலிக்க மிசனின் புனித மிக்கேல் கல்லூரியும் எழுந்தது. ஆங்கிலப் பாடசாலை கட்டணம் கேட்டது. சுயமொழிப் பாடசாலை கேட்கவில்லை. ஆங்கிலம் கற்றவன் கச்சேரிக்கும் கந்தோருக்கும் சென்றான். சுயமொழி கற்றவன் வயலுக்குத் திரும்பினான். இவ்வமைப்பில் ஆங்கிலம் ஓர் அறிவு என்பதைவிட ஒரு சொத்து எனலே பொருந்தும். 1928இல் மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை வந்தபோது, சொத்தற்ற மக்கள் அதனைக் 'கோச்சி' என்றனர். ஆங்கிலத்தில் ஒரு பெட்டியைக் குறித்த சொல் அவர்கள் வாயில் முழு வண்டித் தொடரையும் குறித்தது. ஆங்கிலம் கற்றவர்களுக்கு அது பிழை. அப்பிழையே மொழியாக நிலைத்தது.

ஆங்கிலப் பாடசாலையிலிருந்து வெளிவந்த அனைவரும் மக்களிடமிருந்து விலகிவிடவில்லை. காரைதீவில் 1892இற் பிறந்து புனித மிக்கேல் கல்லூரியிற் கற்ற விபுலானந்தர் இதற்குத் தலைசிறந்த சான்று. 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் நிறுவப்பட்டமைக்கு மூலவர் அவரே. 1936இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அறிவியலை ஆங்கிலத்திற் பயின்ற ஒருவர் அதனைத் தமிழாற் சொல்ல முனைந்தமை ஒரு முற்போக்கான செயல். எனினும், அறிஞர் அவையில் ஆக்கப்படும் சொல்லும் பாடசாலை மதிலருகே ஆக்கப்படும் சொல்லும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. இன்று வரை நமது சொல்லாக்க முயற்சிகளைத் தொடரும் குறைபாடு இது.

4. வாளும் கொப்பியும்

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் அதனையொட்டிய தாய்மொழிக் கல்வியும் படுவான்கரைப் பிள்ளைக்கு முதன்முறையாகப் பதின்பருவத்தை வழங்கின. 1960இல் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தின் கதவு தாய்மொழி மூல மாணவருக்குத் திறந்தது. ஆயின் கதவு திறந்தபோதும் நூலகத்தின் மொழி ஆங்கிலமாகவே இருந்தது. உயர் தொழில்களின் மொழியும் அதுவே. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழ் மாணவருக்கு இன்னொரு கதவை அடைத்திருந்தது. ஆங்கிலமும் சிங்களமுமாகிய இரு தடைகளுக்கு இடையில் அவர்கள் நின்றனர்.

சிங்களக் கிராமங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்த மாணவர் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் 'கடுவ'. வாள் என்பது அதன் பொருள். வெட்டும் கருவியாக ஆங்கிலத்தைக் கண்ட அச்சொல்லை மையமாக வைத்து 1984இல் திரு கந்தையா எழுதிய கட்டுரை, இலங்கையின் மொழி அதிகாரம் பற்றிய ஆய்வுகளில் ஒரு திருப்புமுனையாகும். எந்தக் கலைச்சொற் குழுவும் ஆக்காத அச்சொல், நூறு பக்க அறிக்கை சொல்லக்கூடியதை ஒரு படிமத்திற் சொல்லிவிடுகின்றது. இளையோர் சொல்லாக்கத்தின் அறிவாற்றல் இதுவே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவரின் ஆங்கிலப் பாடநூல்களை ஆராய்ந்த சுரேஷ் கனகராஜா, வகுப்பில் மௌனமாயிருந்த மாணவர் நூலின் ஓரங்களிலே தம் எதிர்வினைகளைப் படமாகவும் குறிப்பாகவும் எழுதியிருந்தமையை 1999இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார்.

பாடசாலை தந்த சொற்களை இளையோர் என்ன செய்தனர் என்பதற்குக் 'கொப்பி' ஓர் எளிய உதாரணம். அப்பியாசப் புத்தகத்தைக் குறிக்கும் அச்சொல்லோடு 'அடி' என்ற தமிழ் வினை சேர்ந்து 'கொப்பியடித்தல்' பிறந்தது. பரீட்சையில் அயலவனைப் பார்த்தெழுதுதல் என்பது பொருள். இங்கு ஆங்கிலச் சொல் பெயராகவே நிற்கின்றது. காலமும் இடமும் எண்ணும் காட்டும் உரிமை தமிழ் வினைக்கே உரியது. 'பாஸ் பண்ணினான்', 'பெயில் ஆனான்' என்பவற்றிலும் இதே முறை. பெறுபேறு எதுவென்பதைப் பொறுத்து வினையும் மாறுகின்றமை கவனிக்கத்தக்கது. சித்தி மாணவனது செயல், எனவே 'பண்ணு'. தோல்வி அவனுக்கு நேர்ந்தது, எனவே 'ஆகு'. ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வேறுபாட்டை மாணவர் பேச்சு தமிழின் வளத்திலிருந்து எடுத்து இச்சொற்களின் மீது ஏற்றியுள்ளது.

இதனினும் நுண்ணியது 'போர் அடிக்கிறது' என்ற வழக்கு. சலிப்பை உணர்பவன் ஆங்கில வாக்கியத்தில் எழுவாயாவான். நம் இளையோரோ 'எனக்குப் போர் அடிக்கிறது' என்கின்றனர். எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது என்பவற்றோடு இது வரிசை கொள்கின்றது. உடலுக்கும் உள்ளத்துக்கும் நேர்வனவற்றை நான்காம் வேற்றுமையாற் சொல்லும் தமிழின் மரபுக்குள் அயற்சொல் குடியேறிவிட்டது. ஆகவே, இலக்கண அமைப்பின் உறுதி பற்றிய ஸ்டாலினின் கருத்தை நம் பதின்பருவத்தினர் நாள்தோறும் மெய்ப்பிக்கின்றனர் எனலாம். தமிழ் சிதைகின்றது என்போர் சொற்களை எண்ணுகின்றனரேயன்றி வாக்கியத்தை நோக்குவதில்லை. மட்டக்களப்புப் பேச்சுத்தமிழ் இலக்கியத் தமிழுக்கு நெருக்கமானது என்று 1960களில் கமில் சுவெலபில் குறிப்பிட்டமையைப் பெருமையோடு எடுத்துரைப்போர், 'மறுகா', 'கிறுகு', 'என்னகா' போன்ற வழக்குகளுக்கு அருகிலேயே இப்புதுச் சொற்களும் இயல்பாக அமர்வதைக் கண்டுகொள்வதில்லை.

5. போர் கற்பித்த ஆங்கிலம்

1980களின் நடுப்பகுதியிலிருந்து 2007 வரை இப்பிரதேச இளையோர் ஆங்கிலச் சொற்களைக் கற்ற மிகப்பெரிய பாடசாலை யுத்தமே. 'ரவுண்ட் அப்', 'சென்றி', 'செக் பொயின்ற்', 'பங்கர்', 'ஷெல்', 'காம்ப்', 'ஐ.சி.' முதலிய சொற்களுக்கு எந்த ஆசிரியரும் தேவைப்படவில்லை. ஆங்கில எழுத்துக் கூட்டத் தெரியாத படுவான்கரைச் சிறுவனும் இவற்றின் பொருளைத் துல்லியமாக அறிந்திருந்தான். தவறாகப் புரிந்துகொள்வதன் விலை அவ்வளவு பெரிது.

இச்சொற்களின் பொருளை ஆங்கில அகராதியிற் காண முடியாது. 'ரவுண்ட் அப்' ஆங்கிலத்தில் வினையாகவும் பெயராகவும் வழங்குவது. மட்டக்களப்பில் அது ஒரு காலைப்பொழுதின் முழு அனுபவத்தையும் குறித்தது: விடியுமுன் ஊர் சூழப்படுதல், ஆண்கள் வெட்டவெளிக்கு அழைக்கப்படுதல், வரிசையில் இருத்தப்படுதல், மாலைவரை தாய்மார் வெளியே காத்து நிற்றல். 'ஐ.சி.' என்ற இரு எழுத்துகள் ஆளடையாள அட்டையை மட்டும் குறிக்கவில்லை. அதனைக் காட்ட முடியாதவன் வீடு திரும்புவானா என்ற ஐயத்தையும் குறித்தன. ரவுண்ட் அப்பின்போது முகமூடியணிந்து தலையசைத்து ஆட்களை அடையாளங் காட்டியவனுக்கு மக்கள் தமிழிலேயே பெயரிட்டனர்: 'தலையாட்டி'. அரசின் செயலுக்கு ஆங்கிலப் பெயர் நிலைத்தது. அச்செயலின் நடுவே நின்ற மனிதனுக்குத் தமிழ்ப் பெயர் பிறந்தது. ஒன்று ஆணையாக வந்த சொல், மற்றையது அதனை அனுபவித்தோர் ஆக்கிய சொல்.

இளையோரைக் குறித்த சொல்லும் இக்காலத்தில் மாறியது. வெறும் வயதுப் பெயராயிருந்த 'பொடியன்கள்' ஆயுதமேந்திய இயக்கத்தவரைக் குறிக்கலாயிற்று. யாழ்ப்பாணத்தில் 'பெடியள்' என்பதும் அவ்வாறே. இலங்கையின் ஆங்கில வழக்கு அதனை மொழிபெயர்த்து 'த போய்ஸ்' என்று எழுதியது. தமிழ்க் கிராமத்தின் வயதுப் பெயரொன்று இலங்கை ஆங்கிலத்தில் அரசியற் பொருள் பெற்றமை இதுவாகும். அதன் விளைவும் கொடிது. ஒரு வயதுப் பிரிவின் பெயரே குற்றத்தின் பெயராகிவிட்டபோது, அவ்வயதில் இருத்தலே சந்தேகத்துக்குப் போதுமாயிற்று.

'கம்பஸ்' என்ற சொல்லையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான வந்தாறுமூலை வளாகத்தை இன்றைய மாணவர் அச்சொல்லாலேயே அழைக்கின்றனர். 1990இல் அது அகதி முகாமாயிருந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கு தஞ்சம் புகுந்திருந்தோரில் 158 பேர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அக்கொலைகளைச் செய்தோர் தமிழ் இயக்கத்தவரே என்பதை மறைத்து இப்பிரதேச வரலாற்றை எழுதுதல் நேர்மையன்று. ஒரே வாவிக்கரையின் இரு சமூகத்து இளையோரும் ஒரே ஆங்கிலச் சொற்களை ஒருவரையொருவர் அஞ்சியவாறே கற்றனர்.

யுத்தகாலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நிகழ்ந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 'வெதுப்பகம்', 'குளிர்களி' போன்ற தூய தமிழ்ப் பெயர்கள் கடைப் பலகைகளில் எழுதப்பட்டன. சிலவற்றின் அமைப்பு அழகியதே. எனினும் பலகையில் வெதுப்பகம் எழுதப்பட்டிருக்க, வாயில் பேக்கரியே நிலைத்தது. அதிகாரத்தின் ஆணையால் வந்த தமிழ்ச்சொல்லும் மக்களின் ஆக்கத்தில் பங்குபெறாதவரை அயற்சொல்லே என்பது இதன் படிப்பினை.

6. மச்சான்: எதிர்த்திசைப் பயணம்

இதுவரை ஆங்கிலத்திலிருந்து வந்தவற்றை நோக்கினோம். நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றவையும் உள. கட்டுமரம், கறி, சுருட்டு, மிளகுதண்ணீர் ஆகிய தமிழ்ச் சொற்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்றோர் வணிகரும் ஆட்சியாளருமே. பண்டத்தோடு பண்டத்தின் பெயரும் ஏற்றுமதியாயிற்று. ஆனால் இலங்கை ஆங்கிலத்தில் இளையோர் நாவில் எந்நேரமும் ஒலிக்கும் 'மச்சாங்' பண்டத்தின் பெயரன்று. மைக்கல் மெய்லர் 2007இல் வெளியிட்ட இலங்கை ஆங்கில அகராதியில் இடம்பெற்றுள்ள அவ்விளிச்சொல், தமிழ் 'மச்சான்' சிங்கள இளைஞர் வழக்கில் பெற்ற வடிவமாகும். அதனை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்றோர் விடுதிகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் கூடிய மாணவரே.

மட்டக்களப்பின் சமூக அமைப்பில் இச்சொல்லுக்குத் தனி இடம் உண்டு. இங்கு தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணி வந்துள்ளனர். பிள்ளை தாயின் குடியைச் சேரும். மணம் குடிக்கு வெளியே நிகழும். தாய்மாமன் பிள்ளை மாமியின் குடி. தந்தையின் சகோதரி பிள்ளை தந்தையின் குடி. எப்படி நோக்கினும் மச்சான் மாற்றுக் குடியினன். அவன் அயலவனாயிருந்தும் மிக நெருங்கிய உறவினன். மண உறவுக்கும் கேலிக்கும் உரியவன். தன் குழுவுக்கு வெளியே நிற்பவனை உரிமையோடு அழைக்கும் சொல் தேவைப்பட்டபோது, இளையோர் 'அண்ணன்', 'தம்பி' ஆகியவற்றை விடுத்து இதனைத் தெரிந்தமை தற்செயலன்று. மூப்பு இளமை என்ற ஏற்றத்தாழ்வு இல்லாத உறவுப்பெயர் இது. சாதியையும் மதத்தையும் மொழியையும் கடந்து அது சென்றமைக்கு அதன் உள்ளமைப்பே காரணமாகும்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். நண்பர் குழுவின் மச்சான் ஆண்களுக்குரியது. உறவுமுறையில் பெண்ணும் மச்சானை விளிப்பாள். தெருமுனை வழக்கிலோ அவளுக்குப் பெரிதும் இடமில்லை. புதுச்சொல் ஆக்கும் வெளிகளான சந்தி, திடல், விடுதி ஆகியன நீண்டகாலம் ஆண்களின் வசமிருந்தமையால், நம் இளையோர் சொற்றொகுதியே ஆண்சார்புடையதாக உள்ளது. பெண் பிள்ளைகள் தமக்குள் ஆக்கிய சொற்கள் பதிவுபெறவில்லை என்பதனால் அவை இருக்கவில்லை என்று முடிவு செய்தல் தவறாகும்.

7. இன்றைய நிலையும் நமது கடமையும்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி கடற்கோளின் பின் வந்த நிறுவனங்கள் மற்றொரு சொல்லடுக்கைக் கொணர்ந்தன. 'புரொஜெக்ட்', 'புரொபோசல்', 'வேர்க்ஷொப்' என்பன இளையோரின் தொழிற்சொற்களாயின. மோட்டார் திருத்துமிடத்தைக் குறித்த வேர்க்ஷொப், விடுதி மண்டபத்தில் நடைபெறும் பயிற்சி வகுப்பையும் குறிக்கலாயிற்று. முன்னதில் கை அழுக்காக உழைத்தவனும் பின்னதில் கோப்புடன் அமர்ந்தவனும் ஒரே வயதினர். ஒரே சொல் அவர்களிடையே வர்க்கக் கோடொன்றை வரைந்தது.

தனியார் கல்வியின் பெருக்கம் 'ரியூட்டறி', 'பேப்பர் கிளாஸ்' என்பவற்றைத் தந்தது. இவை இலங்கையில் ஆக்கப்பட்ட ஆங்கிலம். இங்கிலாந்தில் இப்பொருளில் வழங்குவனவல்ல. இவற்றுக்கு நேரெதிராகப் பல்கலைக்கழக மாணவர் ஆக்கிய சொல் 'குப்பி'. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கை நினைவூட்டும் இச்சொல், விளங்கிக்கொண்ட மாணவர் விளங்காதவருக்குப் பணமின்றிக் கற்பிக்கும் வகுப்பைக் குறிக்கின்றது. சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் இதனை வழங்குகின்றனர். கல்வி விற்பனைப் பண்டமானபோது அதற்கு ஆங்கிலப் பெயர். கல்வி பகிர்வானபோது அதற்கு விளக்கின் பெயர்.

2001இலும் 2002இலும் தொடங்கப்பட்ட ஆங்கிலமூலக் கல்வி ஏற்பாடு ஆசிரியருள்ள பாடசாலைகளுக்கே பயன்பட்டது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கின்றது. வாவியின் இரு கரைகளை அது இன்னும் இணைக்கவில்லை. தொடக்கத்தில் எழுப்பிய முரண்பாட்டுக்கு விடை இங்கேயே உள்ளது. படுவான்கரைப் பிள்ளைக்கு ஆங்கிலச் சொற்கள் இராணுவத்திடமிருந்தும் நிறுவனத்திடமிருந்தும் கைத்தொலைபேசிக் கம்பனியிடமிருந்தும் தாராளமாகக் கிடைத்தன. ஆங்கில மொழி மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்த சொற்களை அப்பிள்ளை தமிழ் இலக்கணத்தால் வசப்படுத்தியமை குற்றமன்று. அது ஓர் உழைப்பு. கண்டிக்கப்பட வேண்டியது மொழியை மறுத்துச் சொல்லை மட்டும் திணிக்கும் சமூக அமைப்பே.

இதிலிருந்து இரு கடமைகள் எழுகின்றன. முதலாவது, ஆங்கிலத்தைச் சொத்து என்ற நிலையிலிருந்து விடுவித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய கருவியாக்கக் கோருதல். தமிழைக் காத்தலும் ஆங்கிலத்தைப் பொதுமையாக்கலும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல என்பதற்கு விபுலானந்தரின் வாழ்வே சான்று. இரண்டாவது, நமது துறைகளுக்குரியது. 1964இல் வி.சீ. கந்தையா 'மட்டக்களப்புத் தமிழக'த்தில் இப்பிரதேசத்தின் மரபுகளைத் தொகுத்தார். யுத்தத் தலைமுறையின் சொற்களுக்கு அத்தகையதொரு தொகுப்பு தேவை. ரவுண்ட் அப்பில் வரிசையில் இருத்தப்பட்ட பதினாறு வயதினர் இன்று ஐம்பதைக் கடக்கின்றனர். அவர்தம் பிள்ளைகளுக்குத் 'தலையாட்டி' என்றால் யாரென்று விளக்க வேண்டியிருக்கின்றது. சொற்கள் வழக்கொழிந்தால், நிகழ்ந்தவற்றை மறுப்போருக்கு வேலை இலகுவாகிவிடும்.

இக்கரைகளிலிருந்து வரும் தமிழ், முஸ்லிம், பறங்கிய மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் இருபது சொற்களையேனும், அவற்றைச் சொன்னோரின் விளக்கத்தோடும் வழங்கிய ஆண்டோடும் எழுதிக் கொணர்வாராயின், அதுவே அத்தொகுப்பின் தொடக்கமாகும்.